அருஞ்சுனைக்குப் போகிற வழி

பங்குனி பிறந்து பத்து நாளாவதற்குள் எங்கள் ஊர் வேம்புகள் பூத்துவிடும். விடியக்காலையில் முற்றம் பெருக்க வரும் ஆச்சி, உதிர்ந்து கிடக்கும் பூவை மண் சேராமல் ஒதுக்கி முறத்தில் அள்ளிவைத்துவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுப்பாள். ஏட்டுக் கணக்கில் பங்குனி பின்பனிக் காலத்தில் சேரும். இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். திருச்செந்தூருக்கு மேற்கே தேரியை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பனை பாளை விட்டு, வேம்பு பூத்து, கொல்லாமரத்தில் பழம் நிறம் மாறத் தொடங்கினால் எங்களுக்கு வேனில் வந்தாயிற்று. அதன் நடுவில் பங்குனி உத்திரம் வரும். தென் மாவட்டங்களில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தாவைத் தேடிப் போகும். மும்பையில் கடை வைத்திருப்பவர்கள்கூட அந்த ஒரு நாளுக்காக ரயிலேறி வந்துவிடுவார்கள். எங்கள் சாஸ்தா மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார்.

நான் சொல்வது 1980-களின் தொடக்கத்தை. அப்போதே கோயிலுக்குச் சாலை உண்டு, உத்திரத்துக்கென்று கூடுதல் பஸ்ஸும் விடுவார்கள். தாத்தா பஸ் பேச்சையே எடுக்கவிடமாட்டார். "சாஸ்தா என்ன ரோட்டு மேலயா உக்காந்திருக்காரு? தேரிக்குள்ள இருக்காரு. தேரிக்குள்ள நடந்துதான் போவணும்" என்பார். அவர் அப்பாவும் அப்படித்தான் போனாராம், அவருக்கும் அப்பா அப்படித்தானாம்.

முந்தின ராத்திரியே வீடு பரபரப்பாகிவிடும். அம்மா புளிச்சோறு கிளறுவாள். அத்தை தேங்காய்த் துவையலைக் கெட்டியாக அம்மியில் அரைத்து உருட்டிவைப்பாள். பச்சரிசி, சிறுபருப்பு, கருப்பட்டி, தேங்காய், வாழைப்பழம், வெண்கலப் பானை எல்லாம் கடகப்பெட்டிகளில் ஏறும். பெட்டிகளைப் பெரியப்பாவும் மாமாவும் தலையில் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஓலைக்கொட்டான் கிடைக்கும். அதில் ஒன்றும் இருக்காது. வழியில் கண்டெடுப்பதைப் போட்டுக்கொள்ளத்தான் அது. அந்த வெறுங்கொட்டானைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தால் எனக்குத் தூக்கமே வராது.

கோழி கூப்பிடும்போது கிளம்பிவிடுவோம். தேரி மணல் வெயில் ஏற ஏறக் கொதிக்கும். பத்து மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது. "ஏட்டி, மண்ணு சுடுமுன்ன எட்டு வச்சு நட" என்று ஆச்சி பின்னாலிருந்து சத்தம் போடுவாள். ஆனால் எல்லோரிலும் மெதுவாக நடப்பவள் அவள்தான். முட்டுவலி. நூறடி நடந்தால் கொஞ்சம் நிற்கவேண்டும் அவளுக்கு. தாத்தா முன்னால் போய்க்கொண்டே இருப்பார், திரும்பிப் பார்க்கமாட்டார். ஆச்சியின் காலடிச் சத்தம் நின்ற மறுநொடி அவரும் நிற்பார். நிற்கிற இடத்தில் சும்மா நிற்கமாட்டார். ஒரு மரத்தையோ தடத்தையோ கையில் இருக்கிற கம்பால் தொட்டு எங்களுக்கு ஏதாவது காட்டுவார். அந்த நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஆச்சியின் முட்டுவலி தந்தது. அவள் வேகமாக நடக்கக் கூடியவளாக இருந்திருந்தால் தேரியை நாங்கள் கடந்திருப்போம், பார்த்திருக்கமாட்டோம்.

தேரியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, செக்கச்செவேலென்று மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். குதிரைமொழித் தேரி அவற்றில் பெரியது. காற்று கொண்டுவந்து குவித்த மணல். ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு ஏடாகப் படிந்திருப்பதால் வந்த சிவப்பு. விடியுமுன் அது கறுப்பாகத்தான் தெரியும். கிழக்கு வெளுக்க வெளுக்க ஊதா தட்டும், பிறகு துருநிறம் வரும். சூரியன் மேட்டைத் தாண்டியதும் நிலம் முழுக்க ஒரே நேரத்தில் சிவக்கும். நாங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும். என் தம்பி அந்த நேரத்தில் தன் உள்ளங்கையை மணலுக்குப் பக்கத்தில் வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பான்.

மணலில் நடக்கத் தாத்தா ஒரு வழி சொல்லித்தந்தார். குதிகாலை ஊன்றினால் புதையும். பாதத்தை முழுதாகப் பரப்பி வைக்கவேண்டும். முன்னால் போகிறவர் மிதித்து இறுகிய தடத்திலேயே கால் வைத்தால் பாதிக் களைப்பு மிச்சம். தாத்தாவின் எட்டு எனக்கு எட்டாது. ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போவேன். என் பின்னால் தம்பியும் தாவுவான்.

மேட்டுச் சரிவுகளில் இரவின் தடங்கள் கலையாமல் கிடக்கும். மயிலின் மூன்று விரல். உடும்பு போன இடத்தில் இரண்டு பக்கமும் நகக்குறி, நடுவில் வால் இழுத்த கோடு. வண்டு ஊர்ந்த வரிசை. முயல் தடத்தைக் காட்டி, "எந்தப் பக்கம் ஓடிருக்கு, சொல்லு பாப்போம்" என்பார் தாத்தா. சின்னத் தடம் இரண்டும் பெரிய தடம் இரண்டும் இருக்கும். பெரியது பின்னங்கால்தானே, அப்படியானால் சின்னது இருக்கிற பக்கம்தான் போயிருக்கும் என்று அத்தான் அடித்துச் சொன்னான். "இல்லடே. முயல் தாவும்போது பின்னங்கால் ரெண்டும் முன்னால வந்து விழும். பெருசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓடிருக்கு." அப்படியா என்று நாங்கள் அந்தத் தடத்தைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். ஒரு உடைமரத்தடியில் புழுக்கை கிடந்தது. காற்று எழும்பிவிட்டால் இவ்வளவும் அழிந்துபோகும். அதனால்தான் விடியற்காலை எங்களுக்கு அத்தனை முக்கியம்.

தேரியின் விளிம்பில் பனைகள் நிற்கும் இடத்துக்கு வரும்போது வெயில் இளஞ்சூடாக இருக்கும். அங்கே எங்களுக்கு மாமா முறையாகும் ஒருவர் பனையேறிக்கொண்டிருப்பார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் மிதித்து ஏறத் தொடங்குவார். எங்களைக் கண்டதும் உச்சியிலிருந்தே, "வாங்க அத்தை! செத்த நில்லுங்க, இந்தா எறங்கிட்டேன்" என்பார். "மெதுவா எறங்குமய்யா மருமவனே, நாங்க எங்க போவப்போறோம்" என்று ஆச்சி அப்படியே மணலில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள்.

இறங்கியதும் ஒரு ஓலையைக் கிழித்து, மடித்து, முனையை முடிந்து, கண்மூடித் திறப்பதற்குள் பட்டை ஒன்று செய்வார். கலயத்துப் பதநீரைச் சில்லாட்டை வைத்து வடித்து அதில் ஊற்றுவார். பட்டையின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் வாய் வைத்துக் குடிக்கவேண்டும். பச்சை ஓலை வாசம், கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்பின் வாசம், அதற்கடியில் அந்த இனிப்பு. "பதனிய மடமடன்னு குடிக்காதட்டி, மூச்சு விட்டுக் குடி" என்பாள் அம்மா. தேனீ மொய்த்த கலயத்தைக் கண்டு பயந்து நின்ற தம்பியின் கையைப் பிடித்து, பாளை எது, அலகு எது, ஆண்பனையில் எப்படிச் சீவுவது, பெண்பனையில் எப்படிச் சீவுவது என்று அந்த மாமா விளக்குவார். சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதையும் அவரிடம்தான் கேட்டேன்.

அவர் எங்களோடு உத்திரத்துக்கு வந்ததே இல்லை. காலையிலும் மாலையிலும் பாளையைச் சீவவேண்டும். ஒரு வேளை தவறினாலும் சீவின வாய் காய்ந்துபோகும். "மரத்துக்கு உத்திரம் தெரியுமா அத்தை? ஒரு வேள தவறுனா கோவிச்சுக்கிடும்" என்பார். பக்கத்து விடிலியில் அவர் மனைவி பெரிய சட்டியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பாள். பொங்கி வழியப் போனால் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாள், நுரை அடங்கிவிடும். பத்து லிட்டர் பதநீர் காய்ந்து சுண்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பாகைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டிருப்பாள். சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி எங்களுக்கு ஆளுக்கொரு விரலளவு தருவாள். பிறகு முழுக் கருப்பட்டி ஒன்றை ஓலையில் பொதிந்து ஆச்சியிடம், "சாமிக்குப் போடுங்க" என்று கொடுப்பாள். அவர்கள் வீட்டுச் சார்பாக உத்திரத்துக்குப் போவது அந்தக் கருப்பட்டிதான். எங்கள் பொங்கலில் முதலில் விழுவதும் அதுதான். எங்கள் வீட்டுக் கருப்பட்டி அதற்குப் பிறகு.

அந்தப் பக்கத்தில் இன்று பனை ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் எனக்கு எங்கள் வீட்டு விசேஷம்தான். ஆனால் விதைத்த பனை பாளை விட 15 முதல் 20 ஆண்டு ஆகும். அதுவரை நிற்கிற மரங்களில் ஏறுவது யார்? ஒரு நாளில் பல மரம் ஏறி இறங்குகிற உடம்புக்கு என்ன கூலி, விழுந்தால் குடும்பத்துக்கு என்ன கதி என்பதற்கு உறுதி இல்லாமல் எந்த அப்பா தன் மகன் கையில் அருவாப்பெட்டியைக் கொடுப்பார்? அந்த மாமாவின் பிள்ளைகள் ஏறவில்லை. ஏறச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தொழிலுக்கு உரிய மரியாதையும் வருமானமும் முதலில் வரட்டும்.

பனைகளைத் தாண்டினால் கொல்லாமரங்கள், அதாவது முந்திரி. நகர்ந்துகொண்டே இருக்கும் மணலைப் பிடித்து நிறுத்த நட்டு வளர்த்தவை. தாழப் படர்ந்து, கிளைகள் மணலைத் தொட்டபடி கிடக்கும். ஏறுவதற்கு இதைவிடத் தோதான மரம் கிடையாது. மஞ்சளும் சிவப்புமாகப் பழம், அதன் அடியில் வெளியே தொங்கும் கொட்டை. பழத்தைக் கடித்தால் முதலில் சாறு வாய் நிறைய வரும், அப்புறம் தொண்டையைப் பிடிக்கும். ஆச்சி உப்புப் பொட்டலம் கொண்டுவருவாள். பழத்தை நறுக்கி உப்பில் புரட்டினால் அந்தக் கரகரப்பு தணியும். சாறு பட்ட சட்டையின் கறை துணி கிழியும்வரை போகாது என்பதால் கொல்லாமரத்தடியில் பையன்களின் சட்டைகள் எல்லாம் அத்தையின் தோளுக்குப் போய்விடும். விழுந்து கிடக்கும் கொட்டைகளை நாங்கள் கொட்டானில் பொறுக்குவோம். கொட்டையை மட்டும் யாரும் பல்லில் வைக்கக்கூடாது. தோட்டில் இருக்கிற எண்ணெய் உதட்டை வெந்த புண்ணாக்கிவிடும். கோயிலுக்குப் போன பிறகு சருகு கூட்டிச் சுட்டு, எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் மணலில் புரட்டி உடைத்துத் தருவது பெரியப்பாவின் வேலை.

இனி வருவதுதான் கடினமான பகுதி. மரமே இல்லாத ஏற்றம். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். அங்கேதான் ஆச்சி அதிகமாக நிற்பாள். அங்கேதான் கதையும் சொல்வாள். முன்காலத்தில் இது பசுமையான நாடாக இருந்ததாம். தண்ணீர் எடுத்துவந்த ஒரு பெண்ணின் குடத்தில், அவளுக்கே தெரியாமல், அரசனுக்கென்று காவல் வைத்திருந்த பழம் விழுந்துவிட்டது. அரசன் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை, திருடி என்று தண்டனை கொடுத்துக் கொன்றுவிட்டான். அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து நாடு முழுவதும் மூடிப்போயிற்று. இதைச் சொல்லும்போது ஆச்சியின் குரல் கோபத்தில் ஏறும். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அந்தப் பாவி? ஒரே ஒரு வார்த்த!" என்று மணலைக் கையில் அள்ளிக் கீழே விடுவாள். அரசன் பேரைவிட, அவன் கேட்காமல் விட்டதுதான் அவளுக்குக் கதை.

அந்த மேட்டில் ஒருமுறை நகத்தளவு வெள்ளைப் படிகக்கல் சில்லு ஒன்று என் காலில் குத்தியது. விளிம்பு பிளேடு மாதிரி. எடுத்துக் கொட்டானில் போட்டேன். தாத்தா அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேரியில கல்லு கிடையாதுட்டி. இங்கன கல்லு கிடந்தா அது யாரோ ஒரு ஆளு கொண்டாந்து போட்டதாத்தான் இருக்கும்" என்றார். பள்ளிக்கூடம் நான்கு வகுப்போடு நின்றவர் அவர். பல வருஷம் கழித்துப் படித்தேன்: எஃப். ஈ. ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை ஆராய்ந்து 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். எழுத்துக்கும் இரும்புக்கும் முந்திய மனிதர்கள் இந்த மணல்மேடுகளில் தங்கி, வேட்டையாடி, சின்னச் சின்னக் கல் அலகுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். என் காலில் குத்தியது கருவிதான் என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனால் தாத்தா சொன்ன வாக்கியத்தை அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தே நான் படித்தேன்.

உச்சி ஏறினால் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். காற்று முகத்தில் அடிக்கும். அங்கிருந்து மறுபக்கம் இறங்குவது பிள்ளைகளுக்குத் திருவிழா. உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே போவோம். பாவாடை நிறையச் செம்மணல், அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். வருஷத்தில் அவள் எங்களை அதட்டாத நாள் அது.

இறங்கிய பக்கத்தில் நிலம் நிறம் மாறும். மணல் ஈரமாகிக் கறுக்கும், மரங்கள் நெருங்கி வரும், நிழல் தொடங்கும். அவ்வளவு வறண்ட மணலைக் கடந்து வந்த பிறகு அங்கே சுனை இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு அது சாமியின் வேலை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டு விளக்கினார். மழை பெய்தால் தேரியின் மேல் ஒரு சொட்டும் ஓடாது, பெய்தது பெய்தபடி உள்ளே இறங்கிவிடும். கீழே தண்ணீரை இறங்கவிடாத இறுகிய அடுக்கு ஒன்று இருக்கும். அதன்மேல் சேர்ந்த நீர் மெல்ல நகர்ந்து, தாழ்வான இடம் கிடைத்ததும் கசிந்து வெளியே வரும். "நீங்க மிதிச்சு வந்தீங்களே, அந்த மேடு முழுக்கத் தண்ணித் தொட்டிதான்" என்றார். ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதத்தான அய்யனாரு காக்காரு" என்றாள். அப்பா சிரித்தபடி, "ஆமாம்மா, அதத்தான்" என்றார். எனக்கு இன்றுவரை அந்த இரண்டு பேச்சும் ஒன்றுதான்.

சுனைத் தண்ணீரை முதலில் காலில் ஊற்றிக்கொள்ளவேண்டும், பிறகு முகம், அதற்குப் பிறகு வாய். உப்புக்காற்று அடிக்கும் சீமையில், கிணறு பாதி உவர்த்துப் போயிருக்கும் ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அந்தத் தண்ணீரின் ருசியே தனி. பங்குனி வெயிலிலும் பல் கூசும் குளிர்ச்சி.

உத்திரக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எந்த சாஸ்தா கோயிலிலும் பார்க்கக் கூடியதுதான். மர நிழலெல்லாம் குடும்பங்கள், வில்வண்டிகள், வரிசை வரிசையாக அடுப்புப் புகை, வளையல் கடை, குலவைச் சத்தம். அய்யனாருக்குச் சைவப் படையல். எங்கள் பொங்கல் பொங்கி வழியும்போது அத்தை குலவை போடுவாள். அந்தக் குரலுக்கு அக்கம்பக்கத்து அடுப்புக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சாமி கும்பிட்டபின் புளிச்சோறும் துவையலும் கருப்பட்டிப் பொங்கலும் ஒரே இலையில். சுட்ட கொல்லாங்கொட்டை கடைசியில். சாப்பிட்ட கையோடு பெரியவர்கள் கல்யாணப் பேச்சு பேசத் தொடங்குவார்கள். எங்கள் அத்தான் ஒருவனுக்குப் பெண் அமைந்தது அங்கே ஒரு ஆலமர நிழலில்தான்.

திரும்பி வருவது வெயில் தாழ்ந்த பிறகு. நிலா பெரிதாக எழும்பிவிடும். உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் விளக்கு தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் தோளில் தூங்கிவிடுவார்கள். நான் தூங்கமாட்டேன். ஊரில் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும்.

தாத்தாவின் அக்கா, பெரியாச்சி, கண் மங்கி நடக்க முடியாமல் திண்ணையோடு இருந்தாள். பொங்கலில் ஒரு தூக்குவாளி அவளுக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். எந்நேரமானாலும் விழித்திருப்பாள். வாளியைப் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, திறக்கமாட்டாள், முதலில் கேட்பாள்.

"சுனையில தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

"மூணு படி முங்கிக் கெடக்கு பெரியாச்சி."

"போன வருசத்துக்கு ஒரு படி கொறவு. கார்த்திகை மழை ஏமாத்திட்டுல்லா. மேட்டுக்கு இந்தாண்ட ஒத்த உடைமரம் ஒண்ணு நிக்குமே, நிக்கா?"

"நிக்கு. ஆனா பாதி மணலுக்குள்ள போயிட்டு."

"அப்போ மேடு இந்தப் பக்கமா நவுந்திருக்கு. விடிலிப் பக்கம் கோணப்பனை இருக்கே, அதுல கலயம் கெட்டியிருக்கானா?"

நான் யோசித்தேன். கோணல் பனை ஞாபகம் இருந்தது, கலயம் ஞாபகம் இல்லை. உள்ளிருந்து தம்பி, தூக்கக் கலக்கத்தோடு, "ரெண்டு கலயம் பெரியாச்சி! நான் எண்ணுனேன்" என்று கத்தினான்.

"ரெண்டா? அது எட்டுக் கலயம் கெட்டுன மரம்லா" என்று பெரியாச்சி தாத்தாவைக் கூப்பிட்டாள். "ஏ தம்பி, அந்தப் பனைக்கு என்னடே ஆச்சு? நாளைக்கே போயி அவங்கிட்ட விசாரிச்சுட்டு வா." தாத்தா சரி அக்கா என்றார். அதற்குப் பிறகுதான் அவள் தூக்குவாளியைத் திறந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பொங்கலில் கையை வைத்தாள்.